கயிறில்லா முத்துக்குளிப்பு

மறிச்சுக்கட்டிக் கடற்கரையில் மேற்கு நோக்கி நின்று, கண்ணுக்கு எட்டாத அக்கரையை மனத்தால் எட்டிப் பார்ப்போமாயின், மன்னார்க் குடாவுக்கு அப்பால் ஏறத்தாழ நேரெதிரே குலசேகரன்பட்டினம் இருக்கின்றது. இடையில் இருநூறு கிலோமீற்றர் அளவான நீர்ப்பரப்பு. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பெயர்போன அவ்வூரில் 2024 பெப்ரவரி 28 அன்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆந்திரக் கரையில் சிறீஹரிகோட்டா இருக்க, இங்கு வேறொன்று எதற்கு என்று கேட்பவர்க்கு விடை எளிது: எங்கள் தீவுதான் காரணம். சிறீஹரிகோட்டாவுக்கு நேர் தெற்கே இலங்கை கிடக்கின்றது. துருவங்களை நோக்கிச் செல்லும் ஏவுகலம் எங்கள் தலைக்கு மேலே பறத்தல் தகாதாகையால், முதலில் தென்கிழக்கே சென்று, தீவைக் கடந்தபின் தெற்கே திரும்புகின்றது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் வீணாகின்றது. சிறிய ஏவுகலங்களுக்கு அந்த நட்டம் பெரிது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நோக்கினால் வெறுங்கடல்தான்.

விண்வெளி ஆராய்ச்சியில் எங்களுக்குள்ள பங்கு வழியில் கிடப்பது மட்டுந்தானா என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். 2019இல் இராவணா-1 என்னும் சிறு செய்மதி எங்கள் நாட்டின் பேரால் விண்ணில் விடப்பட்டதை எடுத்துக் கூறினேன். எனினும், கிரகங்களுக்கும் சந்திரனுக்கும் ஆளில்லாக் கலங்களை அனுப்பும் பணியைப் பற்றித் தமிழில் பேச வேண்டுமாயின் அக்கரையையே நோக்க வேண்டியிருக்கின்றது. இந்தியா சந்திரனுக்கு அனுப்பிய மூன்று கலங்களின் திட்ட இயக்குநர்களும் தமிழ்நாட்டவர்: மயில்சாமி அண்ணாதுரை, முத்தையா வனிதா, வீரமுத்துவேல். அவர்களைத் தமிழர் என்று சொல்லி மாலை சூட்டிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. நான் எழுத விரும்புவது அவர்கள் செய்த தொழிலைப் பற்றியும், அத்தொழில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிய விதத்தைப் பற்றியுமாகும்.

அத்தொழிலை எங்கள் ஊர் மாணவர்க்கு விளக்குவது எனக்குக் கடினமாயிருந்ததில்லை. மறிச்சுக்கட்டி ஒருகாலத்தில் முத்துச் சலாபம் நடந்த இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மணலில் ஓலைக் கொட்டகைகளாலான ஒரு நகரமே சில வாரங்களுக்கு எழுந்து மறையும். கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், அராபியரும் குளிக்க வந்தனர். 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் கடமையாற்றிய இளம் அதிகாரி லெனாட் வுல்ஃப் பின்னாளில் ஆங்கில இலக்கியத்தில் பெயர் பெற்றார். குளியாளி கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவான், ஒரு நிமிட அளவில் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவான், கயிற்றை அசைப்பான், மேலே படகில் இருப்பவன் இழுப்பான். கயிறு பிடிக்க மைத்துனனையே நிறுத்துவது வழக்கம் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கை தாலி அறுக்க எவன் விரும்புவான்?

ஆளில்லாக் கலத்தை அனுப்புவதும் குளியாளியை இறக்குவது போன்றதே. ஆனால் அங்கே கயிறு இல்லை. சந்திரனிலிருந்து வானொலிச் செய்தி வந்துசேர ஏறக்குறைய ஒன்றேகால் செக்கன் செல்லும். செவ்வாயிலிருந்தாயின் பல நிமிடங்கள். ஆபத்து நேர்ந்ததென்ற செய்தி படகுக்கு எட்டும்போது குளியாளியின் கதை முடிந்திருக்கும். ஆகையால், கடலடியில் என்னென்ன நேரக்கூடும் என்பதையெல்லாம் கரையிலிருந்தே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் விடையை அவன் மடியில் கட்டியனுப்ப வேண்டும். இத்தகைய கலத்துக்குத் தலைமை தாங்குதல் என்பது பெரும்பாலும் இந்த எண்ணிப்பார்த்தல்தான்.

மயில்சாமி அண்ணாதுரை 1958இல் பொள்ளாச்சிக்கு அணித்தாயுள்ள கோதவாடியில் ஒரு பாடசாலை ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். ஊர்ப் பள்ளியில் தமிழிலேயே படித்தார். கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலும் பொறியியல் கற்று, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அங்கு அவர் தொடக்கத்தில் செய்த வேலைகளுள் ஒன்று என் கவனத்தைக் கவர்ந்தது. மெய்யான செய்மதிக்குப் பதிலாகக் கணினிக்குள்ளே ஒரு போலிச் செய்மதியை மென்பொருளால் ஆக்குதல் அது. அந்தப் போலியை வேண்டியவாறு பழுதாக்கலாம், சூடாக்கலாம், திசைமாற்றலாம், அப்போது என்ன செய்வது என்று பழகலாம். (நாங்கள் செய்மதி என்பதை அக்கரையார் செயற்கைக்கோள் என்பர். எது சிறந்தது என்று வழக்காட வரவில்லை. எங்கள் சொல் சிறியது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.) பின்னர் பல ஆண்டுகள் வானில் சுற்றும் செய்மதிகளை நிலத்திலிருந்து இயக்கும் பணியில் இருந்தார். அப்பணியிலுள்ளோர் பெயரைப் பொதுமக்கள் அறியார். பழுது நேராதவரை அவர்கள் இருப்பதே தெரியாது. அந்த இருட்டுக்காலந்தான் அவரை உருவாக்கியது என்பது என் எண்ணம்.

சந்திரயான்-1 2008 ஒக்டோபர் 22 அன்று புறப்பட்டது. நவம்பர் 8 அன்று சந்திரனைச் சுற்றத் தொடங்கியது. அதில் 11 கருவிகள் இருந்தன. ஐந்து இந்தியாவுடையவை, ஏனையவை ஐரோப்பா, பல்கேரியா, அமெரிக்கா ஆகியவற்றுக்கு உரியவை. இங்கு வேறொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். கலத்தைச் செய்வோர் ஒருவர். அது எதைத் தேட வேண்டும் என்று கேட்போர் மற்றொருவர். அக்கேள்விகளுக்குப் பொறுப்பாக முதன்மை விஞ்ஞானியாய் இருந்தவர் அசாமில் பிறந்து அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ஜிதேந்திரநாத் கோஸ்வாமி. தமிழ்ப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

நவம்பர் 14 அன்று சுமார் 35 கிலோ எடையுள்ள ஒரு சிறு பெட்டி கலத்திலிருந்து பிரிந்து, 25 நிமிடங்கள் வீழ்ந்து, சந்திரனின் தென்துருவத்துக்கு அருகே மோதி உடைந்தது. மோதச் செய்யலாமே என்று யோசனை கூறியவர் அப்துல் கலாம், தலைமன்னாருக்கு எதிரேயுள்ள இராமேசுவரத்துப் பிள்ளை. அதே மாதத்தில் கலம் எதிர்பார்த்ததைவிடச் சூடேறி, வெப்பம் 50 பாகை செல்சியஸ் அளவை எட்டியது. கீழே சந்திரனின் தரை கொதித்து எதிர்வெப்பம் வீச, மேலே சூரியன் காய்ந்தது. கலத்தைச் சற்றுத் திருப்பினர். சில கருவிகளை உறங்க வைத்தனர். அடுத்து, விண்மீன்களைப் பார்த்துத் திசையறியும் கருவிகள் பழுதாயின. வேறு கருவிகளைக் கொண்டு திசையைக் கணித்துக் கலத்தை நடத்தினர். 2009 மே மாதத்தில் அதனை 100 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 200 கிலோமீற்றருக்கு உயர்த்தினர். இரண்டாண்டு உழைக்கும் என்று அனுப்பிய கலம், 312 நாட்களில், 2009 ஓகஸ்ட் 29 அன்று பேச்சிழந்தது.

ஒரு மாதங்கூடச் செல்லவில்லை. செப்டெம்பர் 24 அன்று அறிவிப்பு வெளிவந்தது. கலத்திலிருந்த அமெரிக்கக் கருவி ஒன்று, சந்திரனின் மேற்பரப்பில் நீரும் நீரின் கூறும் பரந்திருப்பதைக் கண்டிருந்தது. உலர்ந்த கல் என்று பாடநூல்கள் கூறிவந்த சந்திரனைப் பற்றி மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. ஆயுள் முடியுமுன் இறந்த கலத்தை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? அந்த விசாரணை எனக்கு எப்போதும் சிறுபிள்ளைத்தனமாகவே தோன்றியிருக்கின்றது. பேச்சிழந்த அக்கலம் இன்னும் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருப்பதை அமெரிக்கர் ராடார் கொண்டு கண்டுபிடித்து 2017இல் அறிவித்தனர்.

செவ்வாய்ப் பயணத்தை இங்கு விரிக்க இடமில்லை. 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்ட மங்கள்யானுக்குத் திட்ட இயக்குநர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன். அண்ணாதுரை அதற்கு மேலான திட்டத் தலைமையில் இருந்தார். ஏறக்குறைய 300 நாட்கள் உறங்கிய முதன்மை இயந்திரம் 2014 செப்டெம்பர் 24 அன்று தானே விழித்து எரிய வேண்டியிருந்தது. எரிந்துகொண்டிருக்கையில் கலம் செவ்வாயின் பின்னே மறைந்தது. செய்தி வந்துசேரவோ பன்னிரண்டு நிமிடத்துக்கு மேலாகும். நிலத்திலிருந்தவர்க்குக் காத்திருத்தலைத் தவிர வேலையில்லை. கயிறில்லாக் குளிப்புக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி வனிதா அம்மையார். சென்னையைச் சேர்ந்தவர், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கற்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். செய்மதிகள் அனுப்பும் தரவுகளைக் கையாளும் அமைப்புகளில் நீண்டகாலம் உழைத்தவர். சந்திரயான்-2இன் பொறுப்பை ஏற்க முதலில் தயங்கினார் என்றும், அண்ணாதுரைதான் அவரை இணங்க வைத்தார் என்றும் பத்திரிகைகள் எழுதின. இந்தியாவில் கிரகப் பயணமொன்றுக்குத் திட்ட இயக்குநரான முதற் பெண்மணி அவரே. கலம் 2019 ஜூலை 22 அன்று புறப்பட்டது. அதில் இரு பகுதிகள் இருந்தன: சந்திரனைச் சுற்றும் சுற்றுகலம் ஒன்று, விக்ரம் என்னும் தரையிறங்கி மற்றொன்று. செப்டெம்பர் 7 அதிகாலையில் விக்ரம் இறங்குகையில் தரைக்கு இரண்டு கிலோமீற்றர் உயரமளவில் பேச்சு அறுந்தது. இஸ்ரோவின் தலைவர் சிவன் கண்ணீர் விட்டழுததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

என்ன நேர்ந்தது என்பதைச் சிவனுக்குப் பின் தலைவரான சோமநாத் 2023இல் விளக்கினார். தரையிறங்கியின் ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதியாக உந்தின. சிறு வேறுபாடுதான், ஆனால் அப்போது கலம் படம்பிடிப்பதற்காக அசையாது நிற்க வேண்டிய கட்டத்தில் இருந்தமையால் பிழைகளை உடனுக்குடன் திருத்தாமல் சேர்த்துக்கொண்டே சென்றது. கட்டம் முடிந்ததும் அத்தனையையும் ஒருங்கே திருத்த முயன்று விரைந்து திரும்பப் பார்த்தது. இவ்வளவு விரைவாகத் திரும்பலாகாது என்று மென்பொருளில் எல்லை வகுத்திருந்தனர். அதற்குக் குறித்துக் கொடுத்த இடமோ 500 மீற்றருக்கு 500 மீற்றர். இறங்கும் விரைவைக் குறைக்கவும் வேண்டும், அந்தச் சிறு கட்டத்துக்குள் போய்ச் சேரவும் வேண்டும் என்ற இரண்டு கட்டளைகளுக்கிடையே அது அகப்பட்டுக்கொண்டது.

இக்கதையை வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒன்பதாம் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்:

"சேர், அது விழுந்து உடைஞ்சதுக்காக அந்த அம்மாவ வேலையால நிப்பாட்டிட்டாங்களா?"

வகுப்பு சிரிக்கவில்லை. அவள் எதைக் கேட்டாள் என்பதை நானும் அறிவேன், வகுப்பும் அறியும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதும் புத்தகத்தை மூடிக் கடலுக்கோ கடைக்கோ அனுப்பப்படும் பிள்ளைகள் எங்களூரில் உளர். பெண்பிள்ளையாயின் அடுத்த பேச்சு கல்யாணம். ஒருமுறை விழுந்தவருக்கு மறுமுறை உண்டா என்பதே அவள் கேள்வி. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூரும் காலியாயிற்று. புத்தளத்து முகாம்களிலே ஒரு தலைமுறை படித்தது. 2009க்குப் பின் திரும்பி வந்து காட்டை வெட்டி வீட்டு வாசலைத் தேடிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அக்கேள்வி ஏட்டுக்கேள்வியன்று.

நிறுத்தவில்லை என்று சொன்னேன். அவர் இஸ்ரோவிலேயே தொடர்ந்து பணியாற்றினார். ஆனால் அந்த விடை மட்டும் போதாது என்று தோன்றியதால் வனிதா செய்த கலத்தின் மற்றப் பகுதியைப் பற்றியும் சொன்னேன். சுற்றுகலம் சற்றும் பழுதின்றிச் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஏவியவர்கள் துல்லியமாக ஏவியதால் எரிபொருள் மிச்சமாகி, ஓராண்டுக்கென்று அனுப்பியது ஏழாண்டு வரை உழைக்கக்கூடும் என்று கணித்தனர். அதன் நுண்ணிய படக்கருவி எடுத்த படங்களைக் கொண்டே அடுத்த கலம் இறங்க வேண்டிய இடத்தை ஆராய்ந்தனர். அடுத்த கலம் 2023 ஓகஸ்டில் சந்திரனை நெருங்கியபோது, சுற்றுகலம் அதனோடு இருவழித் தொடர்பு கொண்டு வரவேற்றது. முதலில் விழுந்தவள் கரையில் நின்று தங்கைக்குக் கைகாட்டினாள் என்றேன். இதற்கு வகுப்பு சிரித்தது.

அந்த அடுத்த கலத்துக்குத் தலைவராக 2019 இறுதியில் நியமிக்கப்பட்டவர் விழுப்புரத்து வீரமுத்துவேல். தந்தையார் புகைவண்டித் திணைக்களத்தில் தொழில்நுட்பப் பணியாளர். மகன் இரயில்வேப் பள்ளியில் படித்து, முதலில் பலதொழிற் கல்லூரியில் இயந்திரவியல் டிப்ளோமாப் பெற்றார். பட்டப்படிப்பு அதன் பின்னர்தான். சென்னையிலும் திருச்சியிலும் பொறியியல் கற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் அதிர்வுகளைத் தணிப்பது பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். நேர்ச்சாலையில் வராத ஒருவர் என்பதை இங்குள்ள தொழிற்பயிற்சி மாணவர்கள் கவனிப்பாராக. 2023இல் தமிழ்நாட்டு அரசு பரிசாகக் கொடுத்த 25 இலட்சம் ரூபாவைத் தாம் படித்த கல்வி நிலையங்களுக்கே அவர் பகிர்ந்தளித்தார்.

அவரும் அவரைச் சேர்ந்தோரும் செய்தது என்ன? பழைய வரைபடத்தை வீசிவிட்டுப் புதிது வரையவில்லை. விழுந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினர். எது சரியாக நடக்கும் என்று வடிவமைப்பதை விடுத்து, எதெது தவறக்கூடும், தவறினாலும் எப்படி இறங்கலாம் என்று வடிவமைத்தனர். இறங்கும் இடத்தை 4 கிலோமீற்றருக்கு 2.4 கிலோமீற்றராக விரித்தனர். நடுவிலிருந்த ஐந்தாம் இயந்திரத்தை நீக்கினர். கால்களை வலுப்படுத்தினர், செக்கனுக்கு 2 மீற்றர் விரைவில் மோதினால் தாங்கும் என்றிருந்ததை 3 மீற்றர் ஆக்கினர். எரிபொருளைக் கூட்டினர். விரைவை லேசர் ஒளியால் அளக்கும் புதுக் கருவியைச் சேர்த்தனர். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் வெயில் படும்படி சூரியத் தகடுகளை மிகுத்தனர்.

ஒத்திகைக்குச் சந்திரமண் வேண்டும். அதற்கு அமெரிக்காவில் ஒரு கிலோவுக்குக் கேட்கும் விலை இஸ்ரோவுக்குக் கட்டுபடியாகாது. சந்திரனின் மேட்டுநிலத்தில் மிகுதியாகவுள்ள அனோர்த்தொசைட் என்னும் வெண்பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் உண்டு. சந்திரயான்-2 காலத்திலேயே அதனை உடைத்து அரைத்துச் சுமார் 50 தொன் அளவில் கொண்டுசென்று பெங்களூரில் பரப்பி, ஊர்தியை ஓட்டிப் பழகியிருந்தனர். கொங்குநாட்டுக் கல்லுக்கு இப்படி ஒரு பெருமை வருமென்று எவர் கண்டார்?

2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3, ஓகஸ்ட் 23 மாலை 5.44க்கு, 30 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு ஒன்றேமுக்கால் கிலோமீற்றரை நெருங்கும் விரைவுடன் இறங்கத் தொடங்கியது. அதன் பின்னர் நிலத்திலிருந்து எவரும் ஒரு கட்டளையும் இடவில்லை. 150 மீற்றர் உயரத்தில் நின்று பள்ளமும் பாறையும் உண்டா என்று தானே பார்த்து, 6.04க்குத் தரை தொட்டது. எங்களூரிலும் அதே மணிதான். பிறை பார்த்துப் பழகிய ஊரார் பலர் அன்று கைப்பேசியிலிருந்து கண்ணெடுத்துத் தென்வானிலிருந்த அரைநிலாவைப் பார்த்தனர். அரைநிலா நாளை ஏன் தேர்ந்தனர் என்று ஒருவர் கேட்டார். கலம் வெயிலால் வாழ்வது. இறங்குமிடத்தில் அப்போதுதான் பொழுது புலர்கின்றது. பதினான்கு நாட்பகல் முழுவதும் அதற்குக் கிடைக்கும் என்று விளக்கினேன்.

26 கிலோ எடையுள்ள ஊர்தி பிரக்யான் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் ஊர்ந்து, நூறு மீற்றர் சென்றது. வழியில் நான்கு மீற்றர் அகலமான குழியொன்றைக் கண்டு திரும்பி வேறு வழி போனது. கந்தகம் இருப்பதை அங்கேயே நின்று உறுதிசெய்தது. மண்ணுள் இறக்கிய வெப்பமானி, மேலே சுடும் மண் எட்டுச் சென்ரிமீற்றர் ஆழத்தில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்து கிடப்பதைக் காட்டியது. ஊர்தி 23 இடங்களில் அளந்தவற்றைக் கொண்டு அகமதாபாத்து விஞ்ஞானிகள் 2024 ஓகஸ்டில் ஒரு முடிவு வெளியிட்டனர்: அத்தரை பெரும்பாலும் அனோர்த்தொசைட் வகைப் பாறையால் ஆனது, சந்திரன் முழுவதும் ஒருகாலத்தில் உருகிய பாறைக் கடலாயிருந்து, அக்கடலில் இலேசான கனியங்கள் மிதந்து மேற்பரப்பாய் உறைந்தன என்னும் கொள்கைக்கு இது வலுவூட்டுகின்றது. கடல் என்றதும் எங்களூர்ப் பிள்ளைகளுக்குக் காது நிமிர்ந்தது.

செப்டெம்பர் முதல்வாரத்தில் அங்கே பொழுது சாய்ந்தது. ஊர்தியின் சூரியத் தகட்டை அடுத்த விடியலின் ஒளி படும் பக்கம் திருப்பி வைத்து உறங்க விட்டனர். இரவின் குளிர் சுழியத்துக்குக் கீழே 180 பாகைக்கும் மேற்பட்டது. செப்டெம்பர் 22 அளவில் விடிந்தபின் அழைத்துப் பார்த்தனர், விழிக்கவில்லை. ஆனால் தரையிறங்கியின் மேலே அமெரிக்கர் கொடுத்த ஒரு சிறு கண்ணாடிக் கருவி பொருத்தப்பட்டிருக்கின்றது. அதற்கு மின்சாரம் வேண்டாம். வந்த ஒளியை வந்த வழியே திருப்புவது மட்டுமே அதன் வேலை. 2023 டிசம்பர் 12 அன்று அமெரிக்கரின் சுற்றுகலமொன்று சுமார் 100 கிலோமீற்றர் தூரத்திலிருந்து அதை நோக்கி லேசர் ஒளியைச் செலுத்தியது. ஒளி திரும்பி வந்தது.